எல்லாம் கீதா?

எனக்கு அந்த ஆளு மேல பொறாமை. இத முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் பாதில நீங்களா கண்டுபிடிச்சு, "அதான் இவன் இப்படிப் பேசறான்"னு சொல்ல வேணாம் பாருங்க. அவரு இங்கருந்து போயி ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் அந்த எரிச்சல் போவல. மெஸ்ல அப்பளத்தப் பாத்தா கூட ஞாபகம் வந்துடுது.

பேரு சொல்லப் போறதில்ல. சொன்னாலும் எங்க யாரு வாயிலயும் நுழைஞ்சது கிடையாது. செக் நாட்டுக்காரரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். நரைச்ச தல, பெரிய கை, சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன டார்ச். வந்த புதுசுல பசங்க "ரஷ்யாக்காரரு"ன்னு சொல்ல, அது அவரு காதுல விழுந்து, மூஞ்சி செவசெவன்னு ஆயிடுச்சு. "நோ ரஷ்யா! நோ!"ன்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. அவங்க ஊர்ல நாப்பது வருஷம் கம்யூனிஸ்ட் ஆட்சியாம், ரஷ்யாக்காரன் டேங்கு எல்லாம் தெருவுக்கே வந்து நின்னுச்சாம். அதுலருந்து பசங்க அவர "பெர்சு"ன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. அதுக்கு அர்த்தம் தெரிஞ்சதும் அவருக்கு ஒரே சந்தோஷம். நான் மட்டும் கடைசி வரைக்கும் "சார்"னுதான் கூப்ட்டேன்.

எங்க கம்பெனி ஒரகடம் பக்கம், வல்லம் வடகால்ல. காருக்குக் கதவு, பானெட்டு எல்லாம் தகட்டுல அமுக்கி எடுக்குற பிரஸ் ஷாப். நான் அதுல டூல் ரூம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தகட்ட அமுக்குற அச்சு இருக்குல்ல, டைன்னு சொல்வோம், அது தேஞ்சா, விரிசல் விட்டா, அளவு தப்பினா சரி பண்ற இடம்தான் டூல் ரூம். பதினாலு பேர். லைன்ல நிக்கிறவன் பட்டன் அமுக்குவான். நாங்க தலமயிர் கனத்துக்குக் கையால தேச்சு எடுப்போம். அதுல எங்களுக்குக் கொஞ்சம் கெத்து உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

எனக்கு அதுக்கு மேலயும் ஒரு கெத்து இருந்துச்சு. வெளிநாட்டுக்காரன் யாரு வந்தாலும் நான்தான் துபாஷி. படிச்சது ஐடிஐதான். ஆனா மெஷின் கூட வர்ற புக்க எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுப் படிச்சே இங்கிலீஷ் வந்துடுச்சு. கொரியாக்காரன் பேசினாலும் ஜெர்மன்காரன் பேசினாலும் என் வாய் வழியாத்தான் பதினாலு பேரு காதுக்குப் போவணும். "அண்ணே, இன்னா சொல்றான் அவன்?"னு எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க பாருங்க, அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது ஒரு போதை. பன்னெண்டு வருஷம் அந்தப் போதைல இருந்தவன் நான்.

அப்பத்தான் ரெண்டு பெரிய பிரஸ் கூட இவரு வந்து இறங்கினாரு. எட்டு மாசம் இருந்து மாட்டிக் குடுத்துட்டுப் போவணும்.

முதல் நாளே ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போயி ஒரு வெள்ள வேட்டி வாங்கினு வந்தாரு. எட்டு முழம், கரை வச்சது. கட்டிக்கப் போறாருன்னு பசங்க போன எடுத்து ரெடியா நின்னானுங்க. மனுஷன் அத டூல் ரூம் தரையில விரிச்சாரு. பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தாரு. மெஷின்லருந்து கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும், வாஷரையும், பின்னையும் கழட்டின வரிசையிலயே அந்த வேட்டி மேல அடுக்கினாரு. மேலருந்து கீழ, இடமிருந்து வலம், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள நிக்க வக்கிற மாதிரி. வெள்ளத் துணியில சின்ன வாஷர் கூட ஒளிய முடியாதாம். திரும்ப மாட்டி மூடறதுக்கு முன்னாடி கைய நிறுத்திட்டு, எங்கள ஒரு சுத்து பாத்து, "ஆல்?"னு கேப்பாரு. ஒருத்தனாவது பாத்துட்டு "ஆல்"னு சொன்னாத்தான் மூடியத் தொடுவாரு.

எங்க வழக்கம் வேற. கழட்டினத எல்லாம் ஒரு டிரேல கொட்டுவோம். மாட்டி முடிச்சா ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும். மெஷின் ஓடுதா? ஓடுது. அப்ப அது எக்ஸ்ட்ரா. எக்ஸ்ட்ரா எல்லாம் என் டிராயர்ல போயி விழும். வருஷக்கணக்கா சேந்து டிராயரு இழுக்க முடியாத கனம். ரெண்டாவது வாரம் பென்சில் தேடறேன்னு அந்த டிராயர இழுத்துட்டாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மொத்தத்தையும் தூக்கினு போயி வேட்டில கொட்டி, ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி, "இது எந்த மெஷின்?"னு என்னக் கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்? பதிமூணு பேரு பாக்கறாங்க. திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. திட்டல. மூணு ஞாயித்துக்கிழம எங்கள ஓவர்டைமுக்கு வர வச்சு, பழைய பிரஸ் ஒவ்வொண்ணா திறந்து, அந்த போல்ட்டுக்கெல்லாம் வீடு கண்டுபிடிச்சு மாட்டினாரு. அதுக்கப்புறம் டெய்லி அஞ்சு தடவ நின்னுகினு இருந்த ஒரு பிரஸ் நிக்கவே இல்ல. பசங்க கை தட்டினாங்க. நானும் தட்டினேன், வேற வழி?

இதோட நின்னிருந்தா கூட நான் பொறுத்துப்பேன். தமிழ் கத்துக்க ஆரம்பிச்சாரு. அதுவும் என் கிட்ட இல்ல, முருகேசன் கிட்ட.

முருகேசன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பையன்னா முப்பத்திரெண்டு வயசு, கல்யாணம் ஆயி ஒரு பொண் குழந்த. இருங்காட்டுக்கோட்டைல ஒரு ரூம்ல குடும்பத்தோட இருந்தான். டூல் ரூம்லயே கை வேல சுத்தம் அவனுக்குத்தான். அவன் சேந்த புதுசுல நாங்க "கீது, கீறான்"னு பேசறது புரியாம முழிப்பான். நான்தான் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். "அண்ணே, அண்ணே"ன்னு என் வாலப் புடிச்சுகினே சுத்துவான். அவன் போயி பெர்சுக்கு என்னா சொல்லிக் குடுத்திருக்கான்னு கேளுங்க. ஒரு நாள் அந்த மனுஷன் கியர் பாக்ஸ மூடப் போறதுக்கு முன்னாடி நிமுந்து, "எல்லாம் கீதா?"ன்னாரு.

டூல் ரூமே இடிஞ்சு விழற மாதிரி ஒரு சிரிப்பு. பதிமூணு பேரும் ஒரே குரலா "எல்லாம் கீது!"ன்னாங்க. அதுலருந்து அதான் வழக்கமாயிடுச்சு. அவரு "எல்லாம் கீதா?"ன்றதும், எவன் கடைசியா வேட்டியப் பாத்தானோ அவன் "எல்லாம் கீது"ன்றதும். அந்த வார்த்தைய சும்மாச் சொல்லக் கூடாது. ஒரு தடவ ஒருத்தன் பாக்காமயே சொல்லிட்டான். வேட்டி மடிப்புல ஒரு பின்னு கெடந்துச்சு. பெர்சு அத எடுத்து அவன் கையில வச்சு, அவன் விரல மூடிட்டு, அன்னிக்கு பூரா அவன் கூடப் பேசல.

மொத்தமே நாப்பது தமிழ் வார்த்த தெரியும் அவருக்கு. அத வச்சுகினே ஊரையே வளைச்சுட்டாரு. ஒரகடம் கூட்ரோடு மெஸ்ல இருக்குற அக்கா, நான் பன்னெண்டு வருஷமா சாப்புடறேன், ஒரு அப்பளம் எக்ஸ்ட்ராவா வச்சதில்ல. இவரு "அக்கா, ரசம் சூப்பரு"ன்னதும் ரெண்டு அப்பளம்! நானும் அடுத்த நாள் ரசம் நல்லாருக்குன்னு சொல்லிப் பாத்தேன். "இன்னாபா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு.

எங்க வீட்லயும் அதே கதைதான். ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் அவரக் கூப்ட்டேன். மத்தவங்க கூப்புடறதுக்கு முன்னாடி நான் கூப்ட்டுடணும்னு ஒரு இது. என் வூட்டுக்காரி செல்வி வஞ்சிரம் கொழம்பு வச்சிருந்தா. மனுஷன் சம்மணம் போட்டு உக்காந்து, வேர்த்து ஒழுக, முள்ள ஒண்ணு விடாம இலை ஓரத்துல வரிசையா அடுக்கி வச்சு, "எல்லாம்..."னு சொல்லி கையத் தட்டிக் காட்டினாரு, காலின்னு. செல்விக்கு வாயெல்லாம் பல்லு.

"எப்டி மரியாதையா சாப்டறாரு பாரு. நீயுந்தான் கீறியே, போன நோண்டிகினே துன்ற"ன்னா. விருந்தாளி எதிர்லயே.

சாப்ட்டுட்டு மொட்டை மாடிக்குப் போனோம். அங்கருந்து பாத்தா எங்க கம்பெனி டிஸ்பேட்ச் யார்டு தெரியும். ட்ரெய்லர் லாரியா நிக்கும். "அது எங்க நிலம் சார்"னு காட்டினேன். ரெண்டரை ஏக்கர், எங்கப்பா நெல்லு வச்ச நிலம். நான் ஐடிஐ படிக்கும்போது எடுத்தாங்க.

"எல்லாம்?"னாரு.

"எல்லாம்."

"உங்க கிட்ட கேட்டாங்களா?"

"நோட்டீஸ் வந்துச்சு சார். அதுல சர்வே நம்பர் இருந்துச்சு."

வந்த பணம் தங்கச்சி கல்யாணத்துக்கும் இந்த வீட்டுக்கும் சரியாப் போச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு அதே நிலத்துக்குள்ள கேட் பாஸ் காட்டிட்டுப் போற வேலை கிடைச்சுது. இத நான் யாரு கிட்டயும் பெருசா சொல்றதில்ல. அவரு கிட்டச் சொன்னேன். அவரு போன எடுத்து ஒரு போட்டோ காட்டினாரு. சின்னதா ஒரு புக்கு, ரேஷன் கார்டு மாதிரி. உள்ள அவரு பேரு, மேல சீல்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போனப்புறம் அவங்க ஊர்ல கவர்மெண்ட் கம்பெனிய எல்லாம் தனியாருக்கு மாத்தினாங்களாம். எப்படி மாத்தினாங்க? ஜனங்க கையில கூப்பன் புக்கு குடுத்தாங்களாம். ஒரு வாரச் சம்பளம் கட்டினா எவனும் வாங்கலாம். அந்த கூப்பன வச்சு எந்தக் கம்பெனில வேணுமோ பங்கு கேக்கலாம். இவரு அப்ப இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு வயசு ஃபிட்டரு. தான் வேல செஞ்ச ஃபாக்டரிலயே போட்டாரு. அவங்க அம்மாவும் புக்கு வாங்கினாங்க. டிவில ஒருத்தன் வந்து, "என் கிட்டக் குடுங்க, பல மடங்கா திருப்பித் தர்றேன்"னான். அம்மா அவன் கிட்டக் குடுத்துட்டாங்க. அந்தம்மா மாதிரி ஊரெல்லாம் குடுத்துச்சு. நாலஞ்சு வருஷத்துல அவன் எல்லாத்தையும் சுரண்டிட்டு ஆளே காணோம்.

"உங்களுது?"ன்னேன்.

அவரு ரெண்டு விரலக் காட்டினாரு. அந்த ஃபாக்டரிக்காரங்க அறுபது பேரு மெஷின் ஷாப்ல கூடி, ரெண்டே ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டாங்களாம். ஒண்ணு, அஞ்சு வருஷத்துக்கு எவனும் தன் பங்க விக்கக் கூடாது. ரெண்டு, அதுக்கப்புறம் வித்தாலும் நமக்குள்ளதான் விக்கணும், வெளியாளுக்குக் கிடையாது. அதனால அவங்களுது நின்னுச்சு. பன்னெண்டு வருஷம் கழிச்சு அவங்களா முடிவு பண்ணி வித்தாங்க. அதுக்கு நடுவுல ஒரு மீட்டிங்ல, திருட்டு மேனேஜர் ஒருத்தன வெளிய அனுப்பறதுக்கு இவரு கையத் தூக்கியிருக்காரு. அதச் சொல்லும்போது மறுபடி கையத் தூக்கிக் காட்டினாரு, எங்க வீட்டு மொட்ட மாடில.

"எங்கம்மா சாவற வரைக்கும் திட்டிகிட்டே இருந்தாங்க. எல்லாம் திருடனுங்க, பழைய ஆட்சியே தேவலன்னு. நான் திட்ட மாட்டேன். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அவங்க கையிலருந்தது போயிடுச்சு, என் கையிலருந்தது நின்னுச்சு. அவ்ளோதான் வித்தியாசம்"னாரு.

எனக்கு அந்த மேனேஜரும் மண்ணாங்கட்டியும் மனசுல நிக்கல. அந்த புக்குதான் நின்னுச்சு. ஒருத்தன் வேல செய்யற ஃபாக்டரி, அது மேல அவன் பேரு போட்ட காகிதம். எங்கப்பன் நிலத்து மேல நிக்கிற கம்பெனில எனக்கு இருக்கறது பஞ்ச் பண்ற கார்டு. வயிறு எரிஞ்சுது. அந்தாளுக்கு மாடிக்கே வந்து பாயாசத்த ஊத்தினு இருக்கா செல்வி, எனக்குப் பத்திகினு எரியுது.

ஆறு மாசம் போயிருக்கும். பிளாண்ட் ஹெட் எங்க பதினாலு பேரையும் டிரெய்னிங் ரூமுக்குக் கூப்ட்டாரு. டீ, சமோசா. வழக்கமா வாட்டர் பாட்டில் கூடக் குடுக்க மாட்டாங்க. "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி"ன்னு ஆரம்பிச்சாரு. டூல் ரூமத் தனிக் கம்பெனியாப் பிரிக்கப் போறாங்களாம். நாங்க இங்க பர்மனெண்ட்ட விட்டுட்டு அங்க போவணும். போனா எங்களுக்கு அதுல பங்கு. "இனிமே நீங்க தொழிலாளி இல்ல, ஓனர்"னாரு. போவ இஷ்டமில்லாதவங்களுக்கு அதே சம்பளத்துல பிரஸ் லைன்ல வேல. பத்து நாள்ல எழுதிக் குடுக்கணும். ஆள் குறைஞ்சா டூல் ரூம வெளிய ஒரு காண்ட்ராக்ட்காரனுக்குக் குடுத்துடுவாங்களாம்.

வெளிய வந்ததும் பதிமூணு பேரும் என்னப் பாத்தாங்க. நான் யோசிக்கவே இல்ல. "வேணாம். எங்க நிலத்த எடுத்தப்பவும் இப்டித்தான் டீ குடுத்தானுங்க. கையெழுத்துப் போட்டா பர்மனெண்டும் போவும், பங்கும் போவும்"னேன்.

முருகேசன்தான் வாயத் தொறந்தான்.

"இல்லண்ணே, லைனுக்குப் போனா பட்டன அமுக்கிட்டு நிக்கணும். கத்துக்கிட்ட வேலையெல்லாம் என்னத்துக்கு ஆவும்? பெர்சு ஊர்ல இந்த மாதிரி நடந்திருக்குன்னு சொல்லுதாவளே, அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவோமா?"

"ஆமாப்பா, அவரக் கேக்கலாம்"னு இன்னொருத்தன். "அவரு கரெக்டா சொல்வாரு"ன்னு இன்னொருத்தன். பன்னெண்டு வருஷம் இவனுங்களுக்கு லோன் பேப்பரு, பி.எஃப். பேப்பரு, ஆஸ்பத்திரி பேப்பரு எல்லாம் படிச்சுச் சொன்னவன் நான். ஆறு மாசம் முன்னாடி வந்தவரு சொன்னாத்தான் கரெக்டாம். அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

மறுநாள் லஞ்ச் டைம்ல டூல் ரூம்ல கூடினாங்க. பெர்சு வேட்டி ஓரமா ஒரு பெட்டி மேல உக்காந்தாரு. முருகேசன் கேட்டான், நான் இங்கிலீஷ்ல சொன்னேன்: கையெழுத்துப் போடலாமா, வேணாமா?

பேச ஆரம்பிச்சாரு. நடுவுல நிறுத்தவே இல்ல, ஏழெட்டு நிமிஷம். மொட்ட மாடில சொன்ன கதைதான். புக்கு, அம்மா, டிவிக்காரன், சுரண்டினது. அப்புறம் ரெண்டு விரலத் தூக்கினாரு. "இது பயந்து ஓடற விஷயம் இல்ல. நான்னா மறுபடியும் வாங்குவேன். ஆனா இந்த ரெண்டு வரிய காகிதத்துல எழுதித் தரச் சொல்லுங்க. பதினாலு பேரும் ஒண்ணா போயிக் கேளுங்க. எழுதினா கையெழுத்துப் போடுங்க, எழுதலன்னா போடாதீங்க"ன்னு முடிச்சாரு. முடிச்சுட்டு என்னப் பாத்தாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. அதே பழைய நிமிஷம்.

நான் சொன்னேன்: "அவங்க ஊர்லயும் இப்டி பங்கு குடுத்தாங்களாம். ஜனங்க நம்பி வாங்கினாங்களாம். கடைசில எல்லாம் ஒரே ஒருத்தன் கைக்குப் போயிடுச்சாம். அவரோட அம்மா சாவற வரைக்கும் திட்டிகினே கெடந்து செத்தாங்களாம்."

இதுல ஒரு வார்த்த பொய்யில்ல. பாருங்க, ஒண்ணு கூட இல்ல.

முருகேசன் விடல. "ரெண்டு விரலக் காட்டினாவளே, அது என்னண்ணே?"

"ரெண்டு தடவ ஏமாந்தாங்களாம்"னேன்.

அது பொய். பன்னெண்டு வருஷத்துல நான் மாத்திச் சொன்ன ஒரே வார்த்த. நாக்கு கொஞ்சம் கூடத் தடுமாறல, அதான் இப்ப நெனச்சாலும் ஆச்சரியமா இருக்கு. இவனுங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிகினு இருந்தேன். சும்மா. என் பேச்சு நிக்கணும், அவ்ளோதான். அவரு சொல்லி இவனுங்க கையெழுத்துப் போட்டு, இவனுங்க பேரு போட்ட காகிதம் வந்துட்டா, அதுக்கப்புறம் எவன் என் மூஞ்சியப் பாப்பான்?

பெர்சு என்னயே பாத்துகினு இருந்தாரு. அப்புறம், "எல்லாம் கீதா?"ன்னாரு. மெஷின் எதுவும் திறந்து கெடக்கல. வேட்டி மேல ஒரு போல்ட்டு கூட இல்ல.

"எல்லாம் கீது சார்."

கை கழுவப் போவும்போது பக்கத்துல வந்தாரு. "நான் நிறைய பேசினேன். நீ கொஞ்சமா சொன்ன. தமிழ் சின்ன மொழியா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு.

"ஆமா சார், தமிழ்ல சுருக்கமா சொல்லிடலாம்"னேன். தலைய ஆட்டினாரு. சோப்ப என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

பதினாலு பேரும் வேணாம்னு எழுதிக் குடுத்தோம். ரெண்டு மாசத்துல டூல் ரூம வெளியாளுக்குக் குடுத்துட்டாங்க. அந்தாளு வேற எங்கருந்தோ பசங்கள கூட்டினு வந்தான். நாங்க பிரஸ் லைன். காதுல பிளக்க சொருவிக்கினு, தகட்ட வச்சு, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கணும். ஒரு ஷிஃப்ட் பூரா அதான். முருகேசன் எனக்கு எதிர் மெஷின்ல நிப்பான். எட்டு மணி நேரம் அவன் கைய நான் பாத்துகினு நிக்கணும்.

பெர்சு கிளம்பற அன்னிக்கு லைனுக்கே வந்து எல்லாரையும் கட்டிப் புடிச்சாரு. அந்த வேட்டிய, எண்ணெய்க் கறையோட மடிச்சு, முருகேசனுக்குக் குடுத்தாரு. நான் கைய நீட்டினுதான் இருந்தேன். எனக்கு வேட்டி வரல, கையக் குடுத்தாரு. கைய விடாம, "எல்லாம் கீதா?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு, கோவமா எல்லாம் இல்ல. நான் "கீது சார், ஹாப்பி ஜர்னி"ன்னேன். அந்த வேட்டி எனக்கு வரலன்னு ஒரு வாரம் செல்வி கிட்ட எரிஞ்சு விழுந்துகினு இருந்தேன். எவ்ளோ வெக்கங்கெட்டவன் பாருங்க.

போன மாசம் ஓசூர் பக்கம் இருக்குற எங்க கம்பெனியோட இன்னொரு பிளாண்ட்லருந்து ரெண்டு ஃபிட்டருங்க டை மாத்தறதுக்கு வந்தானுங்க. கேன்டீன்ல எங்க மேசைலதான் உக்காந்தானுங்க. நானும் முருகேசனும் எதிர்ல. பேச்சு வாக்குல ஒருத்தன் சொன்னான், அவங்க டூல் ரூமும் தனிக் கம்பெனி ஆயிடுச்சாம், இப்ப இவனுங்களும் பங்குதாரனுங்களாம்.

முருகேசன் சோத்தப் பெசஞ்ச கைய நிறுத்திட்டான். "நம்பிப் போட்டீங்களா? விட்டுரலாம்னு தோணலையா?"

"ஃபர்ஸ்ட்டு பயம்தான் ப்ரோ. அப்ப ஒரு வெளிநாட்டுக்காரரு வந்தாரு, வயசானவரு. உங்க பிளாண்ட்லருந்துதான் வந்தாரு. வேட்டி விரிச்சு வேல செய்வாரே. அவரு இப்டி ரெண்டு விரலக் காட்டி, ரெண்டு வரி எழுதி வாங்குங்கன்னாரு. அஞ்சு வருஷம் எவனும் விக்கக் கூடாது, வித்தா நமக்குள்ளதான். எங்க பையன் ஒருத்தன் இங்கிலீஷ் தெரிஞ்சவன், அப்டியே தமிழ்ல சொன்னான். எல்லாரும் ஒண்ணாப் போயிக் கேட்டோம். எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு ஆட்சேபமும் சொல்லல."

அவன் ரெண்டு விரலும் சோத்துப் பருக்கையோட மேசைக்கு மேல நின்னுச்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். மோரு வாங்க எழுந்து போயிட்டான்.

முருகேசன் என்னப் பாத்தான். கத்துவான்னு பாத்தேன். தட்ட என் மூஞ்சில வீசினா கூட நல்லாருக்கும்னு இருந்துச்சு. அவன் குரல ஏத்தவே இல்ல.

"எல்லாம் கீதாண்ணே?"

நான் சொல்லிக் குடுத்த வார்த்த அது. நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்து, அவன் அவருக்குச் சொல்லிக் குடுத்தது. பன்னெண்டு வருஷமா எவன் எவன் பேச்சையோ தமிழ்ல சொன்ன வாய் எனக்கு. அன்னிக்கு என் பேச்ச நானே சொல்லணும். சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன். நான்னா மறுபடியும் வாங்குவேன்னு அவரு சொன்னது, பதினாலு பேரும் ஒண்ணாப் போங்கன்னு சொன்னது, ரெண்டு வரியும், நான் ஏன் சொல்லலைன்றதும். பொறாமைன்ற வார்த்தையையும் சொன்னேன். ஏழெட்டு நிமிஷம் ஆச்சு. தமிழ் சின்ன மொழி இல்ல.

அவன் கடைசி வரைக்கும் கேட்டான். "எம் பொண்ணு ஸ்கூல்ல அப்பா என்ன வேலன்னு எழுதச் சொன்னாங்க. பட்டன் அமுக்குதாருன்னு எழுதிருக்கா"ன்னான். அப்புறம் சைரன் ஊதிச்சு. தட்டக் கழுவி வச்சுட்டு, காதுல பிளக்க சொருவினான்.

"டைம் ஆயிட்டு, வாங்க சார்"னான்.

சார். அன்னிலருந்து அவனுக்கு நான் சாருதான். மரியாதையாப் பேசறான், ஸ்பானர் கேட்டா எடுத்துக் குடுக்கறான், ஷிஃப்ட் மாத்திக் கேட்டா மாத்திக்கறான். அண்ணேன்னு மட்டும் வாயில வரல. மத்த பன்னெண்டு பேரு கிட்ட அவன் சொல்லவும் இல்ல. நான் எப்பச் சொல்றேன்னு பாத்துகினு இருக்கான் போலருக்கு. நாளைக்குச் சொல்லணும், நாளைக்குச் சொல்லணும்னு ஒரு மாசம் ஓடிடுச்சு.

ஓசூர்ல அப்டியே தமிழ்ல சொன்னானாமே ஒரு பையன், அவன் பேரு கூட நான் கேக்கல. அவன அங்க டூல் ரூம்ல எல்லாரும் வாய் நிறைய அண்ணேன்னு கூப்டுகினு இருப்பாங்க. அத நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.